கறை படாத கையெழுத்து

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு சண்டை. மாமாவின் பேரன் படிக்கும் பள்ளியில் இரண்டு பையன்கள் சேர்ந்து ஒருவனை அடித்திருக்கிறார்கள், மூன்றாமவன் அதைப் படம் எடுத்துப் பரப்பியிருக்கிறான். உடனே குழுவில் ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சமயம் சொல்லிக் கொடுக்க வேண்டும், பழையபடி கொண்டுவர வேண்டும் என்று ஒரு கட்சி. அதையெல்லாம் அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு கட்சி. மாமாவுக்கு எண்பதாகிறது. தட்டச்சு செய்ய வராது, குரல் பதிவுதான் அனுப்புவார். இருமலோடு சேர்த்து இரண்டு நிமிடம் பேசியிருந்தார்.

“சாமி பயம் இல்லாம ஒழுக்கமா இருக்கறது எல்லாராலயும் ஆகாது லா. எங்க அத்தான் இருந்தாரு. கோயில் வாசப்படி மிதிச்சதில்ல. ஆனா சாகற வரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல. அந்த மாதிரி ஆளு ஊருக்கு ஒருத்தர் இருந்தா அதிசயம். மத்தவங்களுக்குப் பாடம் நடத்தித்தான் ஆகணும்.”

அத்தான் என்று அவர் சொல்வது என் அப்பாவை.

மாமா சொன்னதில் ஒரு தவறு இருக்கிறது. அப்பா பொய் சொல்லியிருக்கிறார். மூன்று பொய். மூன்றும் ஒரே சனிக்கிழமை காலையில், ஒரே ஆளிடம், ஐந்து நிமிடத்துக்குள். அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. நான் குழுவில் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்போது நாங்கள் குவீன்ஸ்டவுனில் பதினோராவது மாடியில் இருந்தோம். அப்பா ஒரு பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் சோப்பும் மண்ணெண்ணெயும் போட்டு அரைமணி நேரம் கை கழுவுவார். அப்படியும் வலது கட்டைவிரல் ரேகைக்குள் கறுப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். அவர் தொட்ட செய்தித்தாள், டீ கிளாஸ், என் ரிப்போர்ட் புக் எல்லாவற்றிலும் அந்த விரல் லேசாகப் பதிந்திருக்கும். ரிப்போர்ட் புக்கில் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்தக் கறை இல்லாத பக்கமே கிடையாது. எனக்கு அது பெரிய மானக்கேடு. மற்ற பிள்ளைகளின் புத்தகங்கள் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

அவர் இளவயதில் சீர்திருத்தக் கூட்டங்களுக்குப் போய் வளர்ந்தவர், சாமி கும்பிட மாட்டார். அம்மாவோ வெள்ளிக்கிழமை தவறாமல் சிராங்கூன் ரோடு கோயிலுக்குப் போவார். அப்பா தடுத்ததே இல்லை, கூடவே பஸ்ஸில் வருவார். நாங்கள் உள்ளே போவோம், அவர் வெளியே நின்றுவிடுவார். அந்த நாளில் கோயில் வாசலில் செருப்பு காணாமல் போவது சகஜம். அப்பா எங்கள் இருவரின் செருப்பையும் காலடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மற்ற பெண்களும், “அண்ணே, இதையும் கொஞ்சம் பாத்துக்குங்க,” என்று அவர் காலடியில் விட்டுப் போக ஆரம்பித்தார்கள். சாமியை நம்பாத மனிதர் வெள்ளிக்கிழமை தோறும் பக்தர்களின் செருப்புக்குக் காவல் நின்றார். ஒரு ஜோடிகூடத் தொலைந்ததில்லை.

மாமா அம்மாவின் தம்பி. மார்சிலிங்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, தேக்கா மார்க்கெட்டில் இறங்கி மீன் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மீன் அவருடையது, குழம்பு அம்மாவுடையது, சண்டை பொதுவானது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் மனிதருக்கும் சாமி இல்லை என்னும் மனிதருக்கும் பேச என்ன இருக்கும்? அதையேதான் வாராவாரம் பேசினார்கள்.

“பிள்ளைங்களுக்கு மேல ஒருத்தன் பாத்துக்கிட்டிருக்கான்னு ஒரு பயம் வேணும் அத்தான்.”

“பயந்துக்கிட்டு செய்யற நல்லது, பயம் போன அன்னிக்கு நின்னுடும் மாப்ள.”

இப்படி ஆரம்பித்து, பூமி எப்படி வந்தது என்பது வரை போவார்கள். மாமாவின் குரல் ஏறிக்கொண்டே போகும். அப்பாவின் குரல் ஏறாது. கடைசியில் அவர் ஒரு வாக்கியம் சொல்வார். ஒரு எழுத்துக்கூட மாறாமல், ஒவ்வொரு ஞாயிறும் அதே வாக்கியம்.

“நான் கோயிலுக்குப் போனதில்ல. பொய்யும் சொன்னதில்ல.”

அதோடு மாமா வாயை மூடிக்கொள்வார். ஏனென்றால் அது உண்மை என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை ஒரு பஸ்ஸில் போல்ட் ஒன்றைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டதாக வீட்டுக்கு வந்தபிறகு அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. திரும்பப் பணிமனைக்குப் போய், வண்டியை நிறுத்தச் சொல்லி, தானே மேற்பார்வையாளரிடம் சொல்லி, எச்சரிக்கைக் கடிதமும் வாங்கிக்கொண்டு வந்தார். போல்ட் சரியாகத்தான் இருந்ததாம். அந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியதே மாமாதான்.

அம்மா அடுப்படியில் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். அது காதில் விழுந்தால் சண்டை முடிந்தது என்று பொருள். உடனே குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டில் ஞாயிறு சாப்பாட்டுக்கு மணி அடித்தது அந்த வாக்கியம்தான்.

நான் உயர்நிலை இரண்டு முடிக்கப்போகும் நேரத்தில் இந்தச் சமயப் பாடம் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகள் மட்டும் நடந்த திட்டம் அது, இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். உயர்நிலை மூன்றிலிருந்து எல்லாரும் ஒரு சமயப் பாடத்தை எடுத்தே ஆக வேண்டும். கிறிஸ்துவம், இஸ்லாம், பௌத்தம், இந்து, சீக்கியம் என்று ஐந்து. சமயம் வேண்டாம் என்பவர்களுக்கு ஆறாவதாகச் சீனத்து ஞானி ஒருவரின் அறநெறி. எந்தப் பாடம் என்று குறியிட்டுப் பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். படிவம் ஒரே ஒரு தாள்தான். அதற்குள் எங்கள் வீடு இரண்டாகிவிட்டது.

அப்பா அதை இரண்டு முறை படித்தார். “பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணா உக்காருதுங்க. அதுங்கள ஆறு ரூமாப் பிரிச்சு உக்கார வச்சுட்டு, அப்புறம் ஒத்துமையா இருங்கன்னு சொன்னா எப்படி?” என்றார். பிறகு, “எடுத்துத்தான் ஆகணும்னா அந்தச் சீனத்து ஐயா பாடத்த எடுக்கட்டும். மனுசன் மனுசன்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு சொல்றாரு. அது போதும்.”

அம்மா சாதாரணமாக அப்பா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசமாட்டார். அன்று பேசினார். “எனக்குக் கும்பிடத்தான் தெரியும். எதுக்குக் கும்பிடறோம்னு சொல்லத் தெரியாது. நாளைக்கு இவ கேட்டா நான் என்ன சொல்லுவேன்? படிச்சவங்க சொல்லிக் குடுக்கறேன்னு வர்றாங்க. அத ஏன் வேணாங்கறீங்க?”

கூச்சல் போட்டுச் சண்டையிட்டிருந்தால்கூடத் தேவலாம். இருவரும் படிவத்தை டிவிக்கு மேல், பிளாஸ்டிக் பூ ஜாடிக்குக் கீழே வைத்துவிட்டு, அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மெல்ல மெல்ல மற்றதைப் பற்றிப் பேசுவதும் நின்றது. “அப்பாகிட்ட சொல்லு, டீ ஆறுது.” “அம்மாகிட்ட சொல்லு, நான் வெளிய போறேன்.” ஒரு வாரத்துக்கு மேல் நான் அந்த வீட்டின் தபால்காரியாக இருந்தேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இந்தத் தாளால்தானே என்று அதன் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

இதற்கு நடுவில் பள்ளியில் எனக்கு இன்னொரு தலைவலி. நான் ப்ரிஃபெக்ட். சட்டையில் பித்தளை பேட்ஜ் குத்திக்கொண்டு, வரிசையில் பேசுகிறவர்களின் பெயரை எழுதும் மகாராணி. அந்தப் பேட்ஜை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாதான் பணிமனை பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தருவார். வகுப்பில் எல்லாருடைய படிவத்தையும் வாங்கி அடுக்கும் வேலையும் என்னுடையதே. நாற்பது பேரில் முப்பத்தொன்பது வந்துவிட்டது. பாக்கி என்னுடையது மட்டும்தான். நாளைக்குத் தராவிட்டால் இடமிருக்கும் வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

தமிழ் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழியிடம் புலம்பினேன். அவளுடைய அப்பாவுக்குத் தேக்காவில் ஜவுளிக்கடை. “எங்க அத்தா துணி கிழிச்சுக்கிட்டே இஸ்லாம்ல டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டாரு லா. ஒரு நிமிஷம்கூட ஆகல,” என்றாள். அந்த ஒரு நிமிஷத்தின் மேல் எனக்கு எவ்வளவு பொறாமை வந்தது தெரியுமா.

மறுநாள் இடைவேளையில், கேண்டீன் மேசையில் ரிப்போர்ட் புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, டிவி மேலிருந்து எடுத்து வந்த படிவத்தில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். சின்னக் கையெழுத்து, கடைசியில் ஒரு கோடு. மூன்று நாள் பழைய நோட்டில் போட்டுப் பார்த்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“ஏய், இது தப்பு,” என்றாள் தோழி.

“ஒழுக்கப் பாடம் எடுக்கத்தானே போடறேன். படிச்சு முடிச்சதும் திருந்திக்கறேன்.”

“எனக்குத் தெரியாது. நான் பாக்கல,” என்று அவள் மீ கோரெங் நூடுல்ஸ் கடைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இந்து சமயத்தில் குறியிட்டேன். அம்மாவுக்காகவா என்றால் இல்லை. சாமிக்காகவா என்றால் சத்தியமாக இல்லை. அந்தப் பாடத்தை எங்கள் பூகோள மிஸ் எடுக்கப்போகிறார் என்று தெரிந்தது. அவர் மார்க்கை அள்ளிப் போடுவார்.

வீட்டுக்குப் போய் அம்மாவை அடுப்படியில் பிடித்தேன். “அப்பா உங்க இஷ்டப்படியே இந்து சமயம்னு கையெழுத்துப் போட்டுட்டாரும்மா. அதப் பத்திக் கேக்காதீங்க, அவருக்குக் கூச்சமா இருக்கும்.” பிறகு மாடி நடைபாதையில் நின்றிருந்த அப்பாவிடம் போனேன். “அம்மா சீனத்து ஐயா பாடமே எடுத்துக்கோன்னு சொல்லிட்டாங்கப்பா. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க, கடைசி நாளு. அம்மாவே கையெழுத்துப் போட்டுட்டாங்க. அதப் பத்திப் பேசாதீங்க, அழுதுடுவாங்க.”

அப்பா உள்ளே போய், நேராக அம்மாவிடமே, “டீ இருக்கா?” என்றார். அம்மாவும் நேராக அவரிடமே, “இருக்குங்க,” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை எந்தப் பாடப்புத்தகத்திலும் போட மாட்டார்கள். தனக்காக இவர் கொள்கையையே விட்டுக்கொடுத்தாரே என்று அம்மாவுக்கு உருக்கம். தனக்காக இவள் சாமியையே விட்டுக்கொடுத்தாளே என்று அப்பாவுக்கு உருக்கம். கோயிலுக்குப் போகும் வழியில் அப்பா தானே பூக்கடையில் நின்று இரண்டு முழம் மல்லிகை வாங்கி அம்மா கையில் கொடுக்க ஆரம்பித்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் செய்யாத வேலை. அம்மா மீன் தலையை மாமாவுக்கு வைப்பதை விட்டு அப்பா தட்டில் வைத்தார். மாமா என் அக்காவா இது என்று பார்த்தார். ஆறேழு மாதம் அப்படி ஓடியது. நான் நல்ல காரியம் செய்திருக்கிறேன் என்றே நம்பினேன்.

சின்னச் சின்ன ஆபத்துகள் வரத்தான் செய்தன. இந்து சமயப் புத்தகத்துக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்தேன். அப்பா நூலகத்திலிருந்து அந்தச் சீனத்து ஐயாவைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்து, எனக்கு உதவுவதற்காக எனக்கு முன்னாலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார். “அப்பா அம்மாவ எப்படி நடத்தணும்னு ஐயா சொல்றாரு பாத்தியா?” என்று கேட்பார். “இன்னும் அந்தப் பாடம் வரலப்பா,” என்று நழுவுவேன்.

பாடம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. பூகோள மிஸ் பாவம், ஆறுகளும் மலைகளும் நடத்தியவர், எங்களுக்கு ஒரு பக்கம் முன்னால் படித்துக்கொண்டு வந்து நடத்தினார். தெரியாததைத் தெரியாது என்றார். பதினைந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். வீட்டில் ஏன் விளக்கேற்றுகிறார்கள் என்று அங்கேதான் எனக்கு முதன்முதலாக ஒருவர் விளக்கமாகச் சொன்னார். அதை நான் அம்மாவிடம் வந்து சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முழுசாகக் கேட்டார், “இதுக்காகத்தானா?” என்று இரண்டு முறை கேட்டார். பள்ளியில் சமயம் கூடாது என்று இன்று குழுவில் அடித்துப் பேசுகிறவர்களோடு என்னால் முழு மனதாகச் சேர முடியாமல் போவதற்கு அம்மாவின் அந்த முகம் ஒரு காரணம். மறு கட்சியோடு சேர முடியாததற்கு அப்பாவின் முகம் காரணம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் தேர்வில் உண்மை பேசுவதைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. ஆறு மதிப்பெண். அன்றாட வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தர வேண்டும். என் அப்பா வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று ஆரம்பித்து, அந்த போல்ட் கதையை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். ஆறுக்கு ஆறு. பக்கத்தில் மிஸ் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார், உன் அப்பாவைச் சந்திக்க ஆசை என்று.

சந்திப்பு மே மாதம் பெற்றோர் தினத்தன்று நடந்தது. அதற்கு எப்போதும் அம்மா மட்டும்தான் வருவார், அப்பாவுக்குச் சனிக்கிழமை வேலை. அந்த முறை யாரோடோ ஷிப்ட் மாற்றிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். “உனக்கு நல்லதா நாலு விஷயம் சொல்லிக் குடுக்கற மிஸ்ஸுக்கு ஒரு நன்றி சொல்லணும்,” என்றார். பள்ளிக்கு நடந்து போகும் வழியெல்லாம் என்ன சொல்லி அவரைத் திருப்பி அனுப்பலாம் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

மிஸ் எழுந்து நின்று இருவருக்கும் வணக்கம் சொன்னார். பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலிகளில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“இந்து சமயப் பாடத்துல எப்படிப் படிக்கறா மிஸ்? வீட்டுல வந்து எல்லாம் சொல்றா.”

அப்பா திரும்பிப் பார்த்தார். “இந்து சமயமா? சீனத்து ஐயா பாடம் இல்ல?”

அம்மாவும் திரும்பினார். “நீங்கதானேங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க.”

இருவரும் மெல்ல என்னைப் பார்த்தார்கள். நான் மேசையில் யாரோ காம்பஸால் கீறியிருந்த கோட்டைப் பார்த்தேன். மிஸ் நல்லவர்தான், ஆனால் முட்டாள் இல்லை. கோப்பிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் என் ரிப்போர்ட் புக்கையும் திறந்து வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, பக்கத்தில் கறுப்புக் கட்டைவிரல். படிவத்தில் கையெழுத்து மட்டும்.

“சார், இத நீங்க போட்டீங்களா? பிள்ளையே போட்டிருந்தா நான் டிசிப்ளின் மாஸ்டர்கிட்டச் சொல்லியாகணும். பேட்ஜ எடுத்துடுவாங்க. ரெக்கார்டுலயும் ஏறும்,” என்றார். குரலில் கோபமே இல்லை. அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அப்பா படிவத்தைக் கையில் எடுத்தார். நான் போட்ட கையெழுத்தை நிதானமாகப் பார்த்தார், ஒரு எஞ்சினைப் பார்ப்பது மாதிரி. பிறகு என் சட்டையைப் பார்த்தார். முந்தின ஞாயிறு அவர் தேய்த்துக் கொடுத்த பேட்ஜ் அதில் இருந்தது.

“என் கையெழுத்துதான் மிஸ்.”

“ஆனா நீங்க வேற பாடம்னு…”

“நான்தான் மறந்துட்டேன். வேலை ஜாஸ்தி.”

மிஸ் தயங்கினார். ரிப்போர்ட் புக்கைச் சுட்டிக்காட்டி, “இதுல எல்லாத்துலயும் கை பட்டிருக்கு சார். இதுல மட்டும் இல்லையே,” என்றார்.

“அன்னிக்கு எனக்கு ஆஃப் டே மிஸ். கை சுத்தமா இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அப்பா இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் கொண்டுபோனார். அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

மிஸ் முகம் தெளிந்தது. கோப்பை மூடினார். “நீங்க சொன்னா சரி சார். வேற யாராவதா இருந்தா இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருப்பேன். உங்களக் கேக்க மாட்டேன். இதப் படிங்க, உங்களப் பத்திதான் எழுதியிருக்கா,” என்று என் தேர்வுத் தாளை எடுத்து நீட்டினார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். விரலை ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே வைத்து நகர்த்திப் படித்தார். வாழ்நாளில் ஒரு பொய்கூட. போல்ட். எச்சரிக்கைக் கடிதம். ஆறுக்கு ஆறு. அந்தத் தாளின் ஓரத்தில் அவர் விரல் பதிந்துவிட்டது.

“வேணும்னா நீங்களே வச்சுக்குங்க சார்.”

“வேணாம் மிஸ்,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அடி நிச்சயம் என்று நினைத்தேன். அப்பா என்னை அடித்ததில்லை என்றாலும் இதற்கு அடிக்கலாம் என்று நானே முடிவு செய்திருந்தேன். பாதி வழியில் அவர், “அந்த மிஸ் நல்ல மாதிரி,” என்றார். மின்தூக்கியில் ஏறும்போது, “பாடத்த ஒழுங்காப் படி,” என்றார். அவ்வளவுதான். நேரே குளியலறைக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். அன்று வேலைக்கே போகாத கை.

தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவேயில்லை. அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்தார்.

“உங்கப்பாவ என்ன பண்ணி வச்சிருக்கே தெரியுமாடி?”

எனக்கு நிஜமாகவே புரியவில்லை. “ஒண்ணும் ஆகலையேம்மா. பேட்ஜ் இருக்கு. ரெக்கார்டுலயும் ஏறல.”

இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, அம்மா வெங்காயக் கூடையை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் உரித்தேன். மனசு லேசாகிவிட்டது. அப்பா என் பக்கம்தான், தப்பித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

மறுநாள் ஞாயிறு. மாமா வழக்கம்போல் மீனோடு வந்தார். பெற்றோர் தினத்துக்குப் போனதைக் கேள்விப்பட்டு, நான் எந்தச் சமயப் பாடம் படிக்கிறேன் என்று முதல்முறையாகக் கேட்டார். இந்து சமயம் என்று அம்மா தணிந்த குரலில் சொன்னதும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. “அப்ப அத்தானே சம்மதிச்சுட்டாரா? பாத்தீங்களா அத்தான், கடைசியில நான் சொன்னதுதான். பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாத்தான் பிள்ளைங்க பொய் பித்தலாட்டம் இல்லாம வளரும். சாமிய நடுவுல நிறுத்தாம உண்மை பேசுன்னா எவன் பேசுவான்?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இன்னும் கொஞ்சம் சீண்டினார். எனக்குத் தெரியும், அந்த வாக்கியம் வரப்போகிறது என்று. மாமாவும் அதற்காகத்தான் காத்திருந்தார். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றுவிட்டார். குழம்புச் சட்டி கையில், துணியைத் தாண்டிச் சுட்டிருக்கும், கீழே வைக்கவில்லை.

அப்பா நிமிர்ந்தார்.

“நீ சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு மாப்ள,” என்றார்.

மாமாவே பயந்துவிட்டார். “உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா அத்தான்?” என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டினார். சண்டையை எப்படி முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மாதான் வந்து, சட்டியை நடுவில் வைத்து, மீன் தலையை எடுத்து அப்பா தட்டில் வைத்தார். அப்பா வாங்கித் தந்திருந்த பூ அம்மாவின் தலையில் இருந்தது. பூ வாங்குவதை அப்பா அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. கோயில் வாசலில் செருப்புக் காவலும் நிற்கவில்லை. அவர் அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் இருந்தார். அந்த வாக்கியத்தை மட்டும் எந்த ஞாயிறும் அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்கவில்லை.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? மாமா ஜெயித்துவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்பா இப்படி விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று அவர் மேல் எரிச்சல்கூட வந்தது. மாமா கிளம்பிப் போனதும், மறுநாள் பள்ளிக்கூடமாயிற்றே என்று, வழக்கம்போல் பேட்ஜைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். துணியையும் பாலிஷையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தேய்த்தார். எப்போதையும்விட வெகுநேரம் தேய்த்தார். கொடுக்கும்போது விரல் படாமல் துணியோடு சேர்த்துப் பிடித்துக் கொடுத்தார். பேட்ஜ் பளபளவென்று இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.